ஓய்வெடுத்தே தீருவோம்!

உங்களுக்கு ஓய்வு தேவை. இதில் உங்களுக்கும் சந்தேகமில்லை, வீட்டாருக்கும் சந்தேகமில்லை. ஒரு வாரம் லீவும் கிடைத்துவிட்டது. இனி அதை உருப்படியாகக் கெடுக்க வேண்டியதுதான் பாக்கி. உங்களில் பலர் இதை யாரும் சொல்லித்தராமலே நன்றாகச் செய்துவருகிறீர்கள். இருந்தாலும் அங்கங்கே அசட்டை தெரிகிறது. வெளியூர் போன இடத்தில் ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா சாய்ந்து கிடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட விபத்துகளைத் தவிர்க்கத்தான் இந்தக் குறிப்புகள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மே. அதிலும் கத்திரி வெயில் வாரங்கள். செப்டம்பரில் மலையில் கூட்டமிருக்காது, அறை வாடகையும் குறைவு என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். பிள்ளைகளுக்கு மேயில்தான் லீவு. தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மேயில்தான் லீவு. எனவே எல்லாரும் கிளம்புகிற அன்றைக்கே கிளம்புங்கள்.

2. இடம் தேர்ந்தெடுக்க வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்குங்கள். அண்ணன், அண்ணி, மச்சான், பெங்களூர் நாத்தனார் எல்லாரையும் சேருங்கள். 'இந்த வருஷம் என்னால வர முடியாதுப்பா' என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பெரியப்பாவை மறக்காமல் சேருங்கள். வராதவருக்குத்தான் அபிப்பிராயம் அதிகம். 'எங்க போலாம்?' என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்ததும் பார்த்தால் ஏற்காடு, மூணாறு, கூர்க், திருச்செந்தூர் எல்லாம் வந்திருக்கும். நடுவில் 'இனிய காலை வணக்கம்' சொல்லும் ரோஜாப்பூ இரண்டு. ஏற்காடு ரொம்பச் சின்ன ஊர் என்று அண்ணி கழித்துவிடுவார். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70 என்று பெரியப்பா கணக்கு கொடுப்பார். ஆளுக்கொரு இடம் ஆசையாகச் சொல்லி, ஆளுக்கொரு இடம் அடிபட்டு, கடைசியில் யாருக்கும் பெரிதாக ஆசை இல்லாத, ஆனால் எதிர்க்கவும் தெம்பில்லாத ஒரு ஊர் மிஞ்சும். ஊட்டி. அறை கிடைக்காது என்று உறுதியாகத் தெரிகிற வரை இந்த விவாதத்தை முடிக்காதீர்கள்.

3. ஒரு வாரமும் ஒரே ஊரிலா? அதற்கா இவ்வளவு செலவு? ஊட்டி மூன்று நாள், கொடைக்கானல் இரண்டு நாள் என்று பிரியுங்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 250 கிலோமீட்டர். ஒரு மலையை இறங்கி, கீழே வெந்து, மறுபடி ஒரு மலையை ஏற வேண்டும். வழியில் கோயம்புத்தூரில் சித்தப்பா வீடு இருக்கிறது. போகாவிட்டால் சித்தப்பாவுக்கு மனக்குறை, ஏழு பேராகப் போனால் சித்திக்கு மனக்குறை. பழனி வேறு வழியிலேயே இருக்கிறது, முருகனைப் பார்க்காமல் தாண்டலாமா? இத்தனையும் போக எங்காவது இரண்டு மணி நேரம் காலியாகத் தெரிந்தால் அங்கே 'ஷாப்பிங்' என்று எழுதி அடைத்துவிடுங்கள்.

4. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். நீங்கள் அன்று சாயங்காலம் திறந்து பாருங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும். 'கன்ஃபர்ம் ஆயிடும், எனக்குத் தெரியும்' என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். ஆகாது. கிளம்புவதற்கு முந்தின நாள் தட்காலில் மோதி, ஓடிபி வருவதற்குள் சீட்டு போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, காரை எடுங்கள். ராத்திரி கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும் என்ற யோசனை உங்களுக்கு மட்டுமே தோன்றியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மலை ரயில் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். இது முக்கியமான எச்சரிக்கை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத்தைக் கவ்விக் கவ்வி ஏறுகிற வண்டி, 1908-லிருந்து ஊட்டிவரை இப்படித்தான் போகிறது. யுனெஸ்கோ 2005-ல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதுகூட வேகத்தைக் கூட்டச் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டாம், ஹார்ன் அடிக்க வேண்டாம், யாரையும் முந்த வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்களை அறியாமலே ஓய்வு வந்து தொலைத்துவிடும். அதற்குப் பதில், காரை ரோட்டோரம் வளைவில் நிறுத்தி, பின்னால் வருகிறவர்கள் திட்டத் திட்ட, ரயில் போவதை வீடியோ எடுங்கள்.

5. இ-பாஸ். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது வேண்டும். 2025 சீசனில் ஊட்டிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. வீட்டில் உட்கார்ந்து போனில் எடுத்துவிடலாம் என்பதால் எடுக்காதீர்கள். 'நம்மள யாரு கேக்கப் போறா' என்று கிளம்புங்கள். கல்லாறு சோதனைச் சாவடி வரிசையில், டவர் ஒரு கோடாக மெலிந்த இடத்தில், நிரப்ப ஆரம்பியுங்கள். வண்டி எண் கேட்கும். பத்து வருடமாக ஓட்டுகிற வண்டிதான், இருந்தாலும் இறங்கிப் போய் முன்னால் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து உட்கார்ந்ததும் நடு எழுத்து மறந்திருக்கும். இன்னொரு தடவை இறங்குங்கள்.

நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கவரும் கூடாது. ஆகவே டிக்கி நிறைய பாட்டில் வாங்கி வையுங்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளும்போது, 'இதெல்லாம் முன்னாடியே போர்டு வைக்கக் கூடாதா?' என்று அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்று கேளுங்கள்.

6. மலை ஏறுவதற்கு முன் வயிறு காலியாக இருக்கக் கூடாது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் பொங்கல், வடை, பூரி, மேலே ஒரு டிகிரி காபி. சின்னவனுக்கு எண்ணெய் சொட்டச் சொட்ட இன்னொரு பூரி வைத்துவிடுங்கள். முதல் வளைவில் அவன் பேச்சை நிறுத்துவான். இரண்டாவதில் உதட்டை இறுக்கிக்கொள்வான். மூன்றாவதில் வண்டிக்குள் ஆளாளுக்கு வைத்தியராகிவிட வேண்டும்: ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு, எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு, நேராப் பாரு, கண்ணை மூடு. முன்னால் போகிற வேனின் பிரேக் கருகிய வாசனை உள்ளே வந்ததும் அண்ணி கைப்பையில் கவரைத் தேடுவார். கவரையெல்லாம் கீழே சாவடியிலேயே கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வர வேண்டும். முன்கூட்டி வந்தால் பயனில்லை.

7. சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. போன் சார்ஜரைக் கீழே டிபன் கடையிலேயே மறந்துவிட்டு வாருங்கள்.

8. ஊருக்குள் வந்ததும் அறையில் பெட்டியைக்கூடத் திறக்காதீர்கள். பட்டியல் இருக்கிறது. தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகுத்துறை, தொட்டபெட்டா, எல்லாம் இன்றைக்கே. மலர்க் கண்காட்சி நடக்கிற சனிக்கிழமையாகப் பார்த்து வந்திருப்பீர்கள், பாராட்டுகள். பூவை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பூவுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நகர்வதுதான் முறை. ஏரியில் படகுக்கு வரிசை. ஜான் சல்லிவன் 1824-ல் உண்டாக்கிய ஏரி, இன்னும் சில மணி நேரம் உங்களுக்காகக் காத்திருக்காதா? தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். மேலே போனால் மேகம் தவிர ஒன்றும் தெரியாது. டிக்கெட் வாங்கி, டெலஸ்கோப்பில் அந்த மேகத்தை இன்னும் கிட்டத்தில் பாருங்கள்.

ஸ்வெட்டர் ஆளுக்கு இரண்டு எடுத்து வந்திருப்பீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி அடித்தது. பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் இல்லாமல் எடுத்த ஊட்டி போட்டோவை ஊரில் யார் நம்புவார்கள்?

9. ஆபீசில் 'அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு வந்தீர்கள் அல்லவா? மத்தியானம் வரை யாரும் கூப்பிடவில்லையென்றால் நீங்களே கூப்பிட்டு, எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேளுங்கள். சரியாகப் போகிறது என்றால் மனம் வாடுங்கள்.

10. கொடைக்கானல் போனதும் குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று டிரைவர்களை விசாரியுங்கள். 12 வருடத்துக்கு ஒரு தரம், கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அதுவரை விசாரிக்கலாம். பிறகு குணா குகை. குகைக்குள் போக முடியாது, கம்பி வேலியைத்தான் பார்க்க முடியும். 1991-ல் கமல் நடித்த படம் இதற்குப் பெயர் கொடுத்தது, 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' கூட்டம் கொடுத்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தில் கூப்பிடுகிற பேரைச் சொல்லிக் கத்துங்கள். பக்கத்தில் முப்பது பேர் அதையே கத்திக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் பைன் மரங்களுக்குக் கீழே யாருமே இல்லாத இடம் வரும். உடனே திரும்பிவிடுங்கள்.

ஊர் வந்து சேர்ந்துவிட்டீர்கள். முதுகு பிடித்திருக்கிறது, சின்னவனுக்கு ஜுரம், கிரெடிட் கார்டு பில் தேதி நெருங்குகிறது. 'வருஷத்துக்கு ஒரு வாரம் போதாது, தினமும் மனசுக்கு ஏதாவது வேணும்' என்ற எண்ணம் இப்போதுதான் பிறக்கும். பிறந்த சூட்டோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

11. தினசரிப் பொழுதுபோக்கின் விதையை மலையிலேயே போட்டிருக்கிறீர்கள். ஊட்டியில் செடி விற்கிற இடத்தில் நீலமும் ரோஜாநிறமுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்த ஹைட்ரேஞ்சாவைப் பார்த்து மயங்கி, பின்சீட்டில் மாமியாரின் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தீர்களே, அதுதான். அதைக் கொண்டுபோய்ச் சென்னை மொட்டைமாடியில், கத்திரி வெயிலில் வையுங்கள். மாலைக்குள் அது ஒரு முடிவுக்கு வந்துவிடும். நீங்கள் துவளாதீர்கள். செடியில் தப்பில்லை, தோட்டம் இல்லாததுதான் தப்பு. தோட்டம் போடுங்கள்.

12. முதலில் சாமான். வளர்ப்புப் பை இருபத்தைந்து, மண்புழு உரம், பஞ்சகவ்யம், வேப்பெண்ணெய், தெளிப்பான், கையுறை, வெளிநாட்டுப் படங்களில் தோட்டக்காரர் போட்டுக்கொள்கிற அகலத் தொப்பி. விதையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தென்னை நார்க் கட்டி ஒன்று வரும், ஐந்து கிலோ. பார்த்தால் சின்னதாக இருக்கும். குளியலறை பக்கெட்டில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஆபீஸ் போங்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் அது பக்கெட்டை விட்டு வெளியேறி, தரையில் பரவி, வடிகால் வாயை அடைத்திருக்கும். பிளம்பர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

13. வெண்டை விதை முளைக்கச் சில நாள் ஆகும். தினமும் காலையில் தோண்டிப் பாருங்கள்.

14. முளைத்துவிட்டதா? இப்போதுதான் கவனம் வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் சந்தோஷம் எட்டிப்பார்க்கும். உடனே எக்செல் ஷீட் திறங்கள். பை எண், நீர் விட்ட நேரம், இலை எண்ணிக்கை, குறிப்பு. வார இலக்கு வையுங்கள். இலக்கு தவறினால் மனைவியிடம் விளக்கம் கேளுங்கள். பக்கத்து மாடியில் ஒரு பாட்டி உடைந்த பக்கெட்டில் மணத்தக்காளி, தூதுவளை, கறிவேப்பிலை எல்லாம் காடாக வளர்த்திருப்பார். அவர் ஒன்றும் எழுதி வைப்பதில்லை, மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். காணொளி பாருங்கள், அதில் ஒருவர் மோர் ஊற்றச் சொல்வார், இன்னொருவர் மோர் ஊற்றினால் போச்சு என்பார். இரண்டையும் கடைப்பிடியுங்கள்.

15. முதல் வெண்டைக்காய்! ஸ்டேட்டஸில் போடுங்கள். உள்ளங்கையில் வைத்து ஒன்று, ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாருக்கும் காட்டி முடிப்பதற்குள் அது முற்றிவிடும்.

16. தோட்டம் ஒத்துவரவில்லையென்றால் நடங்கள். ஆனால் காற்று வாங்க நடக்கக் கூடாது, எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும். தினம் பத்தாயிரம் அடி. இந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றவர்கள் கிளப்பிவிட்ட கணக்கு, மருத்துவர்கள் கண்டுபிடித்ததல்ல. இருக்கட்டுமே. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வாட்ச் 9,412 காட்டுகிறது. படுத்துவிட்டால் இந்த நாளே வீண். எழுந்து ஹாலில் சோபாவைச் சுற்றுங்கள். கீழ்வீட்டுக்காரர் விளக்கைப் போடுவார். கையை மட்டும் ஆட்டினாலும் வாட்ச் எண்ணிக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்ததும் படுக்கையிலிருந்தே நடங்கள்.

17. வாசிப்பு என்றால், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி, பத்து சதவீதத் தள்ளுபடி, இரண்டு கை நிறையப் பை. பின்னட்டையைப் படித்தாலே போதும்.

18. எதுவுமே கைகூடாவிட்டால் கலைதான். நேராகத் தஞ்சாவூர் போய் ஒரு வீணை வாங்குங்கள். ஒட்டு வீணை வேண்டாம், ஆரம்பத்திலேயே சிக்கனம் பார்த்தால் சங்கீதம் வராது. ஒரே பலாமரத் துண்டில் குடைந்த ஏகாண்ட வீணையாகக் கேளுங்கள். ஏழு தந்தி, 24 மெட்டு, முனையில் யாளி முகம். வாத்தியார் யார், வகுப்பு எத்தனை மணிக்கு, உங்கள் வீட்டில் யாருக்காவது தாளம் நிற்குமா என்பதையெல்லாம் பணம் கட்டிய பிறகு யோசிக்கலாம். வைக்க இடமில்லை என்று வீட்டில் ஆரம்பிப்பார்கள். போன வருடம் வாங்கிய கீபோர்டைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள்.