எட்டு வந்தால் தள்ளுபடி

பழைய கார் வாங்கப் போகிறவர் என்ஜினைப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார் என்பதெல்லாம் பேச்சுக்கு. முதலில் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார். எட்டு வந்தால் விலை இறங்கும். சனி பகவான் நடத்தும் ஒரே தள்ளுபடி விற்பனை இதுதான்.

மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கியவருக்கு அன்றிரவே தூக்கம் போய்விடும். வண்டி கைமாறினாலும் நம்பர் மாறாது. 29, 30 என்று இரண்டு படிவங்களை நிரப்பினால் ஆர்.சி.யில் பெயர்தான் மாறும், கூட்டுத்தொகை மாறாது. ஆகவே ஸ்டிக்கர் கடைக்குப் பரிகாரம் தேடிப் போவார். குலதெய்வம், தலைவர் படம், மகள் பெயர் எல்லாம் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் நம்பரும் ஒடுங்கி உட்காரும்.

2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு இந்தக் கலைச்சேவை இல்லை. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசரில் பொறித்த தனி எண், உடைத்தாலொழியக் கழலாத ஸ்னாப் லாக். அந்த வண்டிகளும் இப்போது பழைய கார் சந்தைக்கு வந்துவிட்டன. பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்காரர் பூட்டைப் பார்த்து அசரவில்லை. "டிரில்லர் வெச்சா அரை நிமிஷம்ணே!" திரும்ப மாட்டும்போது இரண்டு சாதா ஸ்க்ரூ. உயர் பாதுகாப்பு அத்தோடு சரி.

முன்கண்ணாடி ஸ்டிக்கர் வேறு உண்டு: பெட்ரோலுக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. "டீசல் வேண்டாங்க, எனக்கு ஆரஞ்சு ஆகாது" என்று சொல்லவும் ஆள் கிளம்பியாயிற்று.