எஸ்எஸ்டி அண்ணன்

ஹைதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் பக்கத்தில் எந்த ஆண்கள் ஹாஸ்டலில் நுழைந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அறைச் சாவி அதில் இருக்காது, அது எப்போதோ தொலைந்துவிட்டது. மிச்சமிருப்பது ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். பெட்டியோடு புதிதாக வந்து நிற்கும் பையனிடம் மற்றவர்கள் எல்லாம் "எந்த ஊரு ப்ரோ, என்ன கோர்ஸ்?" என்று விசாரிப்பார்கள். இவர் கண் மட்டும் பையனின் தோள்பையில் இருக்கும்.

"லேப்டாப்புல ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?"

ஹார்ட் டிஸ்க் என்று பதில் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "கவலைப்படாத தம்பி, பாத்துக்கலாம்."

ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான். நாலு வருஷம் பொறியியல் கல்லூரியில் ஏறாததை நாற்பத்தைந்து நாளில் ஏற்றிவிடுவதாகச் சந்துக்குச் சந்து பேனர். ஜாவா, பைத்தான், டெவ்ஆப்ஸ், டேட்டா சயின்ஸ். வானம் தெரிய வேண்டுமானால் பேனரை விலக்கித்தான் பார்க்க வேண்டும். சத்யம் தியேட்டர் இருந்த இடத்தில் 2023-ல் அல்லு அர்ஜுன் பங்குதாரராக இருக்கும் மல்டிபிளெக்ஸ் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2019 மார்ச்சில், இங்கிருந்து ஹைடெக் சிட்டிக்கு மெட்ரோ வந்துவிட்டது. ஆஃபர் லெட்டர் மட்டும்தான் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது. ஊரே வேலைக்காக அவசரப்படும்போது அண்ணனுக்கு இருப்பது ஒரே அவசரம். கேம் லோடாக வேண்டும்.

ஆரம்பத்தில் அண்ணன் பக்கம் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய முதல் அறுவைச் சிகிச்சை, பிளஸ் டூவில் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி மீது நடந்தது. 2011-ல் தொடங்கிய திட்டம். லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கணினியே அதுதான். அதை ஆன் செய்துவிட்டுப் பல் தேய்த்து, குளித்து, டிபன் சென்டரில் இட்லி தின்றுவிட்டு வந்தால் விண்டோஸ் வரவேற்பதற்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

தப்பு மடிக்கணினி மேல் இல்லை. ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். வேண்டிய தகவல் எந்த வட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஒரு கை நகர்ந்து போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். ஒரு தடவை தேட பத்து, பதினைந்து மில்லி நொடி. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கேம் என்பது ஒரே கோப்பு கிடையாது. மரம், சுவர், துப்பாக்கிச் சத்தம், வில்லன் மீசை என்று ஆயிரக்கணக்கான துண்டுகள் தட்டு முழுக்க இறைந்து கிடக்கும். நொடிக்கு நூறு துண்டு தேறினாலே பெரிய விஷயம். அண்ணன் இதை விளக்க அமீர்பேட் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவார்: "கோர் ஜாவா மெட்டீரியல் கேட்டா, கடைக்காரர் எந்திரிச்சு, ஏணி போட்டு, அட்டத்துலேர்ந்து எடுத்துக் குடுத்துட்டு மறுபடி உக்காருவார். அடுத்தவன் ஆரக்கிள் கேட்பான். மறுபடி ஏணி. அதான் ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டில ஏணியே கிடையாது. கடைக்காரருக்கு ஆயிரம் கை."

உள்ளே நகரும் பாகம் எதுவும் இல்லாத சிப் என்பதால் எஸ்எஸ்டி நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தேடித் தந்துவிடும். அந்தப் பழைய மடிக்கணினி மாற்றத்துக்குப் பிறகு அரை நிமிஷத்துக்குள் எழுந்து நின்றது. அன்று இரவு ஹாஸ்டலே அந்த அறையில் கூடி வேடிக்கை பார்த்தது. அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. முதலில் வாங்கியது சாட்டா எஸ்எஸ்டி, நொடிக்கு சுமார் 550 எம்பி. பிறகுதான் என்விஎம்இ என்று ஒன்று இருப்பது தெரிந்தது, அது 3500. அதை வாங்கி அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்குள் 7000 வந்துவிட்டது. இப்போது சந்தையில் 14000 இருக்கிறது. அண்ணனுக்குத் தூக்கம் இல்லை.

சனிக்கிழமை என்றால் செகந்திராபாத் பார்க் லேன், செனாய் டிரேட் சென்டர். ஹைதராபாத்தில் கணினி உதிரிபாகம் என்றால் அந்தக் கட்டிடம்தான். நீல வழித்தட மெட்ரோவில் பாரடைஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். 1953-லிருந்து பிரியாணிக்குப் பேர் வாங்கிய பாரடைஸ் ஓட்டல் வாசலைத் தலையைத் திருப்பாமல் கடந்துபோகிற ஒரே ஜீவன் அண்ணன்தான். அந்தக் காசு வேறு இடத்துக்கு. கடையில் அவர் கேள்வி கேட்கும் தோரணையே தனி. "டிஎல்சியா, க்யூஎல்சியா? டிராம் கேஷ் இருக்கா? டிபிடபிள்யூ எவ்வளவு?" கடைக்காரர் தெலுங்கில் ஏதோ சொல்வார். அண்ணனுக்குத் தெரிந்த தெலுங்கு மொத்தம் ஒரே வாக்கியம்: "லாஸ்ட் ப்ரைஸ் எந்த, அன்னா?" வியாபாரம் முடிந்துவிடும்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஆபரேஷன். என்விஎம்இ-யைப் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ எள்ளளவுதான் இருக்கும். அது கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கு அடியில் போகாத இரவு வரலாற்றில் இல்லை. அறை நண்பர்கள் நாலு பேரும் செல்போன் டார்ச்சோடு தரையில் படுத்துத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் செல்லோ டேப்.

அடுத்தது பரிசோதனை. ஒருவன் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும், இன்னொருவன் சாட்சி. "ஸ்டார்ட்!" பழைய எஸ்எஸ்டியில் பதினான்கு நொடி எடுத்த கேம் புதியதில் பதிமூன்று எடுக்கும். ஆறு மடங்கு வேகம் என்று வாங்கியது ஒரு நொடிதான் கொடுத்தது. அண்ணன் அசரமாட்டார். "நீ லேட்டா அமுக்கின. மறுபடி!" விடியும்வரை நடக்கும். ஒரு நொடியை மிச்சப்படுத்த ஒரு ராத்திரி.

காரணம் ரகசியமில்லை. டிரைவ் எவ்வளவு வேகமாக அள்ளிக் கொட்டினாலும், சுருக்கி அடைத்த அந்தத் தரவைப் பிரித்து, அடுக்கி, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புவது பிராசஸர். அது பழையபடியேதான் வேலை செய்யும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் சோனி நொடிக்கு 5.5 ஜிபி எஸ்எஸ்டி வைத்ததோடு நிற்காமல், சுருக்கத்தைப் பிரிப்பதற்குத் தனி வன்பொருளே போட்டது. அண்ணனின் லேப்டாப்பில் அந்த வன்பொருள் இல்லை. அவரிடம் சொல்லிப் பாருங்கள். "பயாஸ் அப்டேட் பண்ணா சரியாயிடும்" என்பார்.

ஒரு நாள் அடுத்த அறைப் பையன், நிஜமாகவே கோர்ஸ் படிக்கிறவன், ஜிடிஏ ஆன்லைன் கதையைச் சொன்னான். உலகம் முழுக்க அந்தக் கேம் லோடாவதற்கு ஐந்து, ஆறு நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள், புது டிரைவ் வாங்கினார்கள். 2021 பிப்ரவரியில் 'டோஸ்ட்' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்தார். கேமுக்குள் விற்கும் பொருட்களின் பட்டியல் 10 எம்பி-தான், பொருட்கள் சுமார் 63,000. ஒவ்வொரு பொருளைப் படிக்கும்போதும் நிரல் மீதிக் கோப்பின் நீளம் முழுவதையும் மறுபடி எண்ணியது. பிறகு அந்தப் பொருள் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று வரிசை முழுவதையும் ஒப்பிட்டது. கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடு, அத்தனையும் பிராசஸரின் ஒரே மூளையில். அவர் அதைச் சரிசெய்ததும் அவர் கணினியில் ஆறு நிமிஷம் இரண்டு நிமிஷத்துக்குள் வந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் 10,000 டாலர் பரிசு கொடுத்து மார்ச்சில் திருத்தத்தை வெளியிட்டது. டிரைவை யாரும் தொடவே இல்லை.

அண்ணன் முழுதும் கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவன் என்ன டிரைவ் வெச்சிருந்தான்?"

"சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, அண்ணே."

"பாத்தியா! அதான் ஆறு நிமிஷம்."

லோடிங்கை மறைக்கும் தந்திரங்கள் என்றால் அண்ணனுக்கு ஆத்திரம் பொங்கும். மாஸ் எஃபெக்ட் கேமில் கதாநாயகன் லிஃப்டில் நின்றுகொண்டே இருப்பான். லிஃப்ட் போகவில்லை, பின்னால் அடுத்த இடம் லோடாகிறது. "லிஃப்டுல ஏத்தி ஏமாத்துறானுங்க!" கோஸ்ட் ஆஃப் சுஷிமா செய்தவர்களோ, லோடிங் ரொம்ப வேகமாக முடிந்து திரையில் வரும் குறிப்புகளைப் படிக்க முடியவில்லை என்று வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக்கியவர்கள். அவர்களை அண்ணன் மன்னிக்கவே இல்லை. ஆனால் அண்ணன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் செய்தது சரி என்று படும். குறிப்பு வந்த வேகத்தில் போய்விடுவதால் கேடயத்தை எப்படித் தூக்குவது என்பதே அவருக்குத் தெரியாது. முதல் வில்லனிடமே சாவார். பதிமூன்று நொடியில் மறுபடி லோடாகும். மறுபடி சாவார். கேம் என்னவோ அதற்கு முன்பு ஹாஸ்டல் வைஃபையில் மூன்று ராத்திரி டவுன்லோட் ஆனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். வைஃபைக்கு ஸ்க்ரூ இல்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மா பேசுவார். "கண்ணு, கோர்ஸ் முடிஞ்சுதா?"

"லோடாகுதும்மா."

அப்பாவிடம் காசு கேட்பது வேறு கலை. "ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திறக்கவே பத்து நிமிஷம் ஆகுதுங்ப்பா. எஸ்எஸ்டி இருந்தாத்தான் இங்க மதிப்பு. எல்லாரும் எஸ்எஸ்டிக்குப் போயிட்டாங்க."

"எவ்வளவு மாசம் அது?"

அண்ணன் ஒரு கணம் தடுமாறினார். "அஞ்சு வருஷம் வாரண்டிங்ப்பா."

"அஞ்சு வருஷமா! சரி, நல்ல படிப்பா இருந்தாச் சரி."

மஞ்சள் மண்டியிலிருந்து பணம் போய்ச் சேர்ந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் அப்பா பந்தியில் உட்கார்ந்து சொன்னார்: "பையன் ஜாவா எல்லாம் முடிச்சுட்டு எஸ்எஸ்டி பண்ணிட்டிருக்கான். ஐதராபாத்துல அதுக்குத்தான் இப்ப கிராக்கி." ஒன்றுவிட்ட சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு பொறியியல் பட்டதாரி சும்மா இருந்தான்.

போன வாரம் அவன் பையோடு அமீர்பேட் வந்து இறங்கினான். அண்ணனின் போன் பிஸி, ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பையன் தானாகவே ஒரு இன்ஸ்டிட்யூட் படி ஏறி, எஸ்எஸ்டி கோர்ஸ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆன்லைனா, கிளாஸ்ரூமா? நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு டெமோ."