மெயினருவியில் தடை

போட்டோவை 50 கேபிக்குள் சுருக்கித் தருகிற இணையதளங்களைப் படைத்தவர்கள் மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். வேலை முடிந்ததும் திரையில் 'டவுன்லோடு' என்று ஐந்தாறு பொத்தான்கள் முளைக்கும். பெரிதாக, பச்சையாக, பளபளவென்று இருப்பதெல்லாம் பொய். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் நோஞ்சானாக ஒன்று ஒதுங்கிக் கிடக்கும் பாருங்கள், அதுதான் நிஜம். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் தேர்வு அங்கேயே நடந்துவிடுகிறது.

பண்பொழியில் எங்கள் தெருமுனையில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி, இந்த முதல் தேர்வைப் பல வருஷமாக ரத்து செய்து வைத்திருந்தார். அவர் கம்ப்யூட்டரில் விளம்பரத் தடுப்பான் இருந்தது. யார் வந்தாலும் கண்ணில் படுவது ஒரே பொத்தான். ஒருநாள் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் பிரவுசரே அறிவிப்பு கொடுக்கிறது: இந்த எக்ஸ்டென்ஷன் இனிமேல் செல்லாது, அணைத்துவிட்டோம். அன்றைக்கே கையெழுத்தைச் சுருக்க வந்த ஒரு பையன் பச்சைப் பொத்தானை அமுக்கி, கையெழுத்துக்குப் பதிலாக ஏதோ ஒரு விளையாட்டை இறக்கிவிட்டான்.

"என்ன தம்பி அநியாயமா இருக்கு? என் கடைக்கு நான் போட்ட பூட்டை அவன் எப்படிக் கழட்டுதான்?" என்றார் அண்ணாச்சி.

கேள்வி நியாயம்தான். பதில்தான் நீளம். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் பிரவுசர் கூகுளின் குரோம். தடுப்பான் மாதிரி பிரவுசரில் நாம் ஒட்டவைக்கிற எக்ஸ்டென்ஷன்களுக்கான சட்டதிட்டத்தை மாற்றப்போவதாக 2018 கடைசியில் அவர்கள் அறிவித்தார்கள். அதற்கு மேனிஃபெஸ்ட் வி3 என்று பெயர். அதுவரை ஒரு பக்கம் திறக்கும்போது எங்கிருந்து எது வந்தாலும் தடுப்பான் வாசலில் நின்று, 'நீ போ, நீ நில்லு' என்று சொல்ல முடிந்தது. புதிய சட்டப்படி அது முன்கூட்டியே ஒரு பட்டியலை எழுதி பிரவுசர் கையில் கொடுத்துவிட வேண்டும். யாரை நிறுத்துவது என்பதைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பட்டியலுக்கும் அளவு உண்டு. முதலில் 30,000 விதி என்றார்கள். உலகமே கூச்சல் போட்ட பிறகு உச்சவரம்பை உயர்த்தினார்கள். 2024 ஜூனிலிருந்து எச்சரிக்கை காட்ட ஆரம்பித்து, பிறகு பழைய எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்துக்கொண்டே வந்தார்கள்.

அடிபட்டதில் பெரிய தலை யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்ற கனடாக்காரர் எழுதியது. குரோமில் மட்டும் 3 கோடிக்கு மேல் ஆட்கள் வைத்திருந்தார்கள். மனிதர் நன்கொடைகூட வாங்குவதில்லை. புதிய சட்டத்துக்கு அடங்கி நடக்க 'லைட்' என்று ஒரு மெலிந்த பிள்ளையையும் பெற்றுக் கொடுத்தார். ஆனால் அது பெரியவனுக்கு ஈடாகாது என்று அவரே சொல்லிவிட்டார்.

மாற்றத்துக்குக் கூகுள் சொன்ன காரணம் பாதுகாப்பு. அதை அப்படியே தள்ளிவிட முடியாது. நாம் பார்க்கிற பக்கத்தையெல்லாம் படிக்கிற அதிகாரம் ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு இருந்தால், அது கெட்டவன் கைக்குப் போகும்போது கதை கந்தல். வேடிக்கை என்னவென்றால், வந்து போவதை வேவு பார்க்கும் வசதி புதிய சட்டத்திலும் இருக்கிறது. தடுக்கும் வசதியைத்தான் எடுத்தார்கள். பார்க்கலாம், கை நீட்டக் கூடாது.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்குத் தடை புதிதில்லை. சீசனில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுந்தால் மெயினருவியில் குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதுவார். அதற்காக யாராவது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பியதாகச் சரித்திரம் உண்டா? ஐந்தருவிக்கு ஆட்டோ பிடிப்பார்கள். அங்கேயும் தடை என்றால் புலியருவி. அதுவும் இல்லையென்றால் பார்டரில் பரோட்டா. ஆனால் ஒன்று: விசில் ஊதுகிற போலீஸ்காரருக்கு அருவிக்கரையில் எண்ணெய்க்கடை கிடையாது. கூகுளுக்கு உண்டு. அதன் தாய் நிறுவனமான ஆல்பபெட்டுக்கு 2024-ல் வந்த 350 பில்லியன் டாலரில் முக்கால் பங்கு விளம்பரத்தில் வந்தது. விசில் சத்தம் கேட்டதும் ஜனங்கள் கடையைத் திரும்பிப் பார்த்ததில் தப்பென்ன?

புலியருவிக்குப் போன கதைகளும் உண்டு. பெருங்கூட்டம் 'ஓகே' என்று அமுக்கிவிட்டு விளம்பரத்தோடு வாழப் பழகிவிட்டது. அது எந்த நாட்டிலும் அப்படித்தான். கொஞ்சம் பேர் பயர்பாக்ஸுக்குப் போனார்கள். பழைய தடுப்பானை அது விலக்கவில்லை. என் மச்சான் மகன் மாதிரி விஷயம் தெரிந்த பையன்கள், கம்பெனிகளுக்கென்று விட்டுவைத்திருந்த சலுகையை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதி, தங்கள் படுக்கையறையை ஒரு கம்பெனியாக அறிவித்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினார்கள். 2025 நடுவில் அந்தக் கதவையும் சாத்தியாயிற்று.

அண்ணாச்சிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. "நம்ம மத்தளம்பாறைக்காரங்க ஒண்ணு விட்டிருக்காங்கல்லா?" என்றார். தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனிக்கு அலுவலகம் இருப்பதால், அந்தக் கம்பெனி எங்கே எதைச் செய்தாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது சொந்தக்காரர் வீட்டு விசேஷம். 2023-ல் அவர்கள் வெளியிட்ட உலா பிரவுசரில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. 2025-ல் மத்திய அரசின் இந்திய பிரவுசர் போட்டியில் முதல் பரிசாக 1 கோடி ரூபாயும் வாங்கியது. அடியில் ஓடுவது கூகுள் வளர்க்கிற குரோமியம்தான் என்று மெதுவாகச் சொன்னேன். "அதனால என்ன? எஞ்சின் எவன் செஞ்சா என்ன, டிரைவர் நம்ம ஆளு" என்று முடித்துவிட்டார். தடுப்பான் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிரவுசரோடு ஒட்டிப் பிறந்தால் எக்ஸ்டென்ஷன் சட்டம் அதன்மேல் பாயாது. அந்த வகையில் அண்ணாச்சி சொன்னது சரி.

உண்மையில் இந்தச் சண்டை முழுவதும் லேப்டாப் வைத்திருப்பவர்களின் சண்டை. பண்பொழியில் இணையம் என்றால் போன். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. இல்லாததை எவன் பறிப்பான்? எங்கள் அத்தை அதில்தான் சீரியல் பார்க்கிறாள். விளம்பரம் வந்தால் 'ஸ்கிப்' பொத்தானைத் தொடக்கூட மாட்டாள். முட்டுவலித் தைலம், சேலைத் தள்ளுபடி, வீட்டு மனை எல்லாவற்றையும் சீரியலில் வருகிற சொந்தபந்தங்களைப் போல முகம் கோணாமல் பார்ப்பாள். விளம்பரக் காசு இல்லாமல் தமிழில் எத்தனை தளங்கள் தாக்குப்பிடிக்கும் என்று யோசித்தால், நாட்டில் விளம்பரத்தாரர்களுக்கு விசுவாசமாக இருக்கிற ஒரே ஜீவன் எங்கள் அத்தை என்றுதான் தோன்றுகிறது.

பார்க்கப் பாவமாக இருந்தது. போனில் பயர்பாக்ஸ் போட்டு, அதற்குள் யூபிளாக் ஆரிஜினையும் வைத்துக் கொடுத்தேன். சீரியல் விக்கல் இல்லாமல் ஓடியது. பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து கருகல் வாடை வந்தது.

"ஏய்யா, இடையில விளம்பரம் வரலன்னா நான் தோசைய எப்பத் திருப்பிப் போடுதது?" என்றாள் அத்தை.

இப்போது ராத்திரி தோசைக்கு மட்டும் பழைய பிரவுசர்.