கெட்டிக்காரன் புளுகுக்கு மூன்று ஆஸ்கர்

ஓடுபாதையில் விமானம் சீறிப் பாய்கிறது. பக்கவாட்டில், துப்பாக்கியை நீட்டியபடி தாடிக்காரர்கள் ஜீப்பில் துரத்துகிறார்கள். மேலெழும்பப் போகும் பயணிகள் விமானத்தின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டருக்குக் குறையாது. ஜீப்போ சளைக்காமல் கூடவே வருகிறது. பென் அஃப்லெக் இயக்கி நடித்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கிய 'ஆர்கோ'வின் உச்சக்கட்டம் இது. டெஹ்ரானில் கனடாக்காரர்களிடம் ஒளிந்திருந்த ஆறு அமெரிக்கர்களைப் படப்பிடிப்புக் குழு என்ற வேஷத்தில் சி.ஐ.ஏ. தப்பவைத்த கதை. அந்த ஜீப்பின் மெக்கானிக்குக்கும் ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

விமானம் எழும்பியதும் ஆபத்து தீர்ந்ததாம். டெஹ்ரானிலிருந்து துருக்கி எல்லைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்து மைக்கை எடுத்து, "திருப்பிக் கொண்டு வாய்யா" என்று விமானியிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஈரானின் முன்னாள் மன்னர் ஷாவுக்கு அமெரிக்காவே விற்ற 79 எஃப்-14 போர் விமானங்களில் ஒன்றைக்கூட யாரும் நினைக்கவில்லை. சுக்குநூறாகக் கிழித்த காகிதத்தை ஒட்டவைத்து முகம் கண்டுபிடிக்கிற மூளைக்கு வயர்லெஸ் மட்டும் மறந்துவிடுகிறது. எதிரி எப்போது புத்திசாலியாக இருக்கலாம், எப்போது முட்டாளாக வேண்டும் என்பதைத் திரைக்கதை அவ்வப்போது உத்தரவு போட்டுச் சொல்லிவிடும்.

1980 ஜனவரி கடைசியில் நிஜத்தில் நடந்தது என்ன? அதிகாலை விமானம். அதிகாரிகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள், புரட்சிக் காவலர்கள் பாதிப்பேர் எழுந்தே இருக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நேரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். விமானத்தில் ஏதோ இயந்திரக் கோளாறு, கொஞ்சம் தாமதம். பிறகு ஏறி உட்கார்ந்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். ஜீப்பும் இல்லை, துரத்தலும் இல்லை. கடைவீதியில் படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போய்க் கும்பலிடம் மாட்டிக்கொள்ளும் காட்சியும் கற்பனை. கவுன்ட்டரில் நிற்கும்போது கடைசி நொடியில் டிக்கெட் உறுதியாகிறதே, அதுவும் புளுகு. கனடா தூதர் கென் டெய்லரின் மனைவி மூன்று வெவ்வேறு விமானங்களுக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். முதல் நாள் இரவு வாஷிங்டன் திட்டத்தை ரத்து செய்ய, நாயகன் மேலதிகாரியை மீறிப் புறப்படுகிறார் அல்லவா? நிஜத்தில் அதிபர் கார்ட்டரின் ஒப்புதல் அரைமணி நேரம் தாமதமானது, அவ்வளவுதான். அப்போது நாயகனான சி.ஐ.ஏ. அதிகாரி டோனி மெண்டஸ் ஐரோப்பாவைத் தாண்டவே இல்லை.

சினிமாவுக்கு விறுவிறுப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் நிஜத்திலேயே கிடந்த விறுவிறுப்பை ஏன் தொடவில்லை? சி.ஐ.ஏ. தயாரித்த போலி விசாக்களில் ஈரானிய நாட்காட்டியைத் தப்பாகக் கணக்கிட்டு, இனிமேல் வரப்போகும் தேதியைப் போட்டிருந்தார்கள். அப்படியே நீட்டியிருந்தால் ஆறு பேரும் கம்பி எண்ணியிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்தவர் கனடா தூதரக ஊழியர் ஒருவர். கையில் உபரிப் பாஸ்போர்ட்டுகள் இருந்ததால் தப்பித்தார்கள். எப்பேர்ப்பட்ட காட்சி! என்ன செய்வது, அதில் முட்டாளாகிறவர் சி.ஐ.ஏ.காரர், புத்திசாலியாகிறவர் கனடாக்காரர். கத்தரி விழுந்துவிட்டது.

எடை போடும்போது ஒவ்வொரு தடவையும் தன் பக்கமே தவறுகிற கடைக்காரரை நாம் மறதிக்காரர் என்று சொல்வதில்லை.

ஜான் ஷியர்டவுன் என்று ஒருவர். கனடா தூதரகத்தின் குடிவரவு அதிகாரி. ஓடி ஒளிந்த அமெரிக்கர்கள் போன் செய்தபோது தயங்காமல் வீட்டுக் கதவைத் திறந்தவர். தலைமறைவானவர்கள் தங்கியது ஒரு வீட்டில் அல்ல, இரண்டு வீடுகளில். அதில் ஒன்று இவருடையது. மனைவி ஜீனா கயானாவில் பிறந்தவர், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். தூதரகப் பாதுகாப்பு எதுவும் அவருக்குக் கிடையாது. பிடிபட்டிருந்தால் கேட்க நாதியில்லை. இரண்டு மாதத்துக்கும் மேலாக அந்த வீட்டுக்குள் விருந்தாளிகளோடு அவரும் அடைபட்டுக் கிடந்தார். படத்தில் ஷியர்டவுன் இல்லை, ஜீனா இல்லை, அந்த வீடே இல்லை. ஆரம்ப நாட்களில் ஒளிவிடம் பார்த்துக் கொடுத்த தாய்லாந்துச் சமையல்காரரும் இல்லை. மெண்டஸோடு டெஹ்ரானுக்கு வந்த இன்னொரு சி.ஐ.ஏ. அதிகாரியைக்கூட விட்டுவைக்கவில்லை. போஸ்டரில் ஒரு முகத்துக்குத்தான் இடம். ஷியர்டவுன் 2012 டிசம்பர் கடைசியில் காலமானார். இரண்டு மாதம் கழித்து ஆஸ்கர் மேடை.

இல்லாமல் ஆக்கியதோடு விட்டார்களா? பிரிட்டிஷ்காரரும் நியூசிலாந்துக்காரரும் அந்த ஆறு பேரை விரட்டிவிட்டதாக ஒரு வசனம் வருகிறது. நிஜத்தில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் குடியிருப்பு வளாகத்தில் தங்கவைத்தார்கள். அங்கேயும் ஆபத்து என்று ஆனதும்தான் இடம் மாற்றினார்கள். நியூசிலாந்துத் தூதரக ஆட்கள் சாப்பாடு கொண்டு போனார்கள், கடைசியில் விமான நிலையத்துக்கு வண்டியும் ஓட்டினார்கள். 2013இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் இந்தப் படத்துக்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானமே போட வேண்டியிருந்தது. ஒரு சினிமா வசனத்துக்கு நாடாளுமன்றத் தீர்மானம்!

ஈரானைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொடக்கத்தில் ஞானி போலச் சரித்திரம் சொல்கிறார்கள்: மொசாதேக்கை 1950இல் மக்கள் பிரதமராகத் தேர்ந்தெடுத்தார்களாம். அவர் பதவிக்கு வந்தது 1951இல், நாடாளுமன்றம் வழியாக. ஈரானியரில் நல்லவராகக் காட்ட ஒரே ஒரு பணிப்பெண். அவரும் கடைசியில் தஞ்சம் தேடிப் போவது சதாமின் ஈராக்குக்கு! அதே வருஷம் செப்டம்பரில் ஈரான்மீது படையெடுத்த ஈராக்குக்கு. ஈரானை விடுங்கள், தங்கள் வீட்டுவாசல் பலகையாவது தெரியவேண்டாமா? 1978இலேயே புதுப்பித்துவிட்ட ஹாலிவுட் பெயர்ப்பலகையை 1980இல் சிதிலமாகக் காட்டுகிறார்கள்.

தப்பிக்க முடியாமல் ஈரானில் பணயக்கைதிகளாக நிஜமாகவே பிடிபட்டுக் கிடந்த 52 அமெரிக்கர்கள் 444 நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார்கள். அவர்களை மீட்கப் போன அமெரிக்கப் படை 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் தன் ஹெலிகாப்டரும் விமானமும் மோதி எட்டு வீரர்களை இழந்து திரும்பியது. அந்தக் கதைக்குத் தயாரிப்பாளர்கள் வரிசையில் நிற்கவில்லை.

2013 பிப்ரவரியில், வெள்ளை மாளிகையிலிருந்து காணொளியில் மிஷேல் ஒபாமா உறையைப் பிரித்து 'ஆர்கோ' என்றார். பின்னால் சீருடையில் ராணுவத்தினர். உளவுத்துறையைப் புகழ்ந்த படத்துக்கு அரண்மனையிலிருந்தே பரிசு. ஈரான் செய்திருந்தால் இதைப் பிரச்சாரம் என்போம். அதற்குச் சில நாள் முன்புதான், 1980இல் அதிபராக இருந்த கார்ட்டரே தொலைக்காட்சியில் யோசனையிலும் செயலிலும் 90 சதவீதம் கனடாவுடையது என்று சொல்லியிருந்தார்.

டொரன்டோவில் திரையிட்டபோது படத்தின் முடிவில் வந்த எழுத்துக்கள், டெய்லருக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் தகுதியில்லாதவை என்ற தொனியில் இருந்தன. அவர் தரப்பில் கோபம் கிளம்பியதும் அஃப்லெக் அந்த வாசகத்தை மாற்றினார். இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. கனடாவுக்குச் சேரவேண்டிய நியாயம் கடைசியில் அட்டையில் வருகிறது, ஜனங்கள் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கிற நேரத்தில்.