இரவல் ஈமெயில்காரர்

ஆரையம்பதியில் கேட்டால் எதுவும் இரவல் கிடைக்கும். கலியாண வீட்டுக்குக் கிடாரம், கூரை ஏற ஏணி, மாரி வெள்ளத்துக்குத் தோணி, நேர்முகப் பரீட்சைக்குப் போகச் சப்பாத்து. வாங்கினவர் ஒன்றில் திருப்பிக் கொடுப்பார், அல்லது திருப்பிக் கேட்ட நாளிலிருந்து கதைபேச்சு இல்லாமல் போகும். இந்த இரண்டுக்கும் அடங்காத ஒருவர் இப்போது ஊரில் பெருகிவிட்டார். இவர் இரவல் வாங்குவது கொடுத்தவருக்குத் தெரியாது. வாங்கினது இவருக்கே தெரியாது. இவர்தான் இரவல் ஈமெயில்காரர்.

ஆளைத் தெருவில் கண்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் இரண்டு சிம் போட்ட போன், அதற்குப் பளபளக்கும் உறை. பேஸ்புக்கில் ஒருவருக்கு 5,000 சிநேகிதர் வரைதான் என்று ஓர் எல்லை இருக்கிறது. நம்மாள் அதை முட்டிக்கொண்டு நிற்பார். கோயில் திருவிழாவோ சாமத்தியச் சடங்கோ செத்தவீடோ, முதல் படம் அவருடைய பக்கத்தில்தான் வரும். இவ்வளவும் உள்ளவரிடம் இல்லாத ஒரே சாமான் ஈமெயில். கேட்டுப் பாருங்கள், இல்லை என்று சொல்லமாட்டார். “இருக்கு, இருக்கு. மகன் வச்சிருக்கான்” என்பார். மகன் கட்டாரில்.

அவருடைய கணக்குப் பிறக்கும் இடம் கல்முனை வீதியோரத்துப் போன் கடை. கண்ணாடி மேசைக்குள் சார்ஜர்கள், சுவரெல்லாம் ரீலோட் ஸ்டிக்கர்கள், மூலையில் பொலித்தீன் கழற்றாத ஸ்பீக்கர். உள்ளே இருக்கிற பொடியன் ஒரு கையால் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே மறு கையால் ஊருக்கு ஐடி அடித்துக் கொடுக்கிறவன்.

“பிறந்த திகதி சொல்லுங்க மாமா.”

“அதென்னத்துக்கு மனே? வயசு பாத்தா பேஸ்புக் தாறான்?”

பொடியன் ஜனவரி 1 என்று போடுகிறான். வருஷப் பிறப்பன்று ஊரில் அரைவாசிப் பேருக்குப் பிறந்தநாள் வருவது இப்படித்தான்.

“ஈமெயில்?”

“போடன் ஒண்டு.”

“சும்மா ஒண்டு போட ஏலா மாமா. உங்கட ஈமெயில் வேணும்.”

“என்ட முதலெழுத்தையும் பேரையும் போட்டுட்டு, கடைசில ஜிமெயில் டொட் கொம் எண்டு போடு. எல்லாருக்கும் அதுதானே கிடக்கு.”

பொடியன் போட்டான். திரை அடுத்த பக்கத்துக்குத் தாண்டியது.

“பாத்தியா? எடுக்குது. என்ட இல்லாட்டி எடுக்குமா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்து யாரும் இன்னும் துணியவில்லை. திரை பார்ப்பதெல்லாம் எழுதினது முகவரி போல இருக்கிறதா என்பதைத்தான். ரே டொம்லின்சன் 1971இல் ஆள் பேருக்கும் கணினிப் பேருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்த அந்தச் சுழித்த ‘ஏ’ இருந்தால் போதும், அது வாயைத் திறக்காது. முகவரி யாருடையது என்பதை அறிய அதே முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். இங்கே அந்த எண் வரவில்லை. பொடியன் ஏன் காத்திருக்கிறான்? போன் நம்பரைக் கொடுத்து, அதற்கு வந்த எண்ணைத் தட்டி, அலுவலை முடித்துவிட்டான். ஈமெயிலுக்குப் போன எண் எங்கே விழுந்தது என்று மாமாவும் யோசிக்கவில்லை, மருமகனும் யோசிக்கவில்லை.

அது என்னிடம் வந்து விழுந்தது.

நான் செய்த குற்றம் முந்திப் போனது. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கியபோது யாராவது கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். எல்லாருக்கும் கதவு திறந்தது 2007இல். அந்த நாட்களில் மட்டக்களப்பு நகரத்தில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு கட்டிக் கணினிக்கு முன்னால் இருந்தவர்களுக்கு முதலெழுத்தும் பேரும் மட்டும் கொண்ட சுத்தமான முகவரி கிடைத்தது. பிந்தி வந்தவர்கள் பின்னால் 71, 85, 007 என்று எதையாவது ஒட்ட வேண்டியதாயிற்று. நம்மாளுக்கு அந்த நம்பரில் மரியாதை கிடையாது. அது வெறும் வீட்டு நம்பர். கந்தசாமி கோயிலடியில் வந்து ஆளின் பேரைச் சொன்னால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும்; ஆரையம்பதியில் எவர் நம்பர் பார்த்து வீடு தேடினார்?

தமிழருக்கென்றே ஜிமெயில் இன்னொரு வில்லங்கமும் வைத்திருக்கிறது. பேருக்கு நடுவில் வைக்கும் புள்ளியை அது கணக்கில் எடுப்பதில்லை. ஒரு புள்ளி வைத்தாலும் ஒன்பது வைத்தாலும் ஒன்றும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான். குடும்பப் பேர் உள்ள சனங்களுக்கு இதில் பெரிய நட்டமில்லை, அவர்களிடம் இரண்டு முழுப் பேர் இருக்கிறது. நம்மிடம் தகப்பனுடைய ஓரெழுத்து, ஒரு புள்ளி, பிறகு நம் பேர். கந்தையாவின் மகன், கணபதிப்பிள்ளையின் மகன், கதிர்காமத்தம்பியின் மகன் மூன்று பேருக்கும் முதலெழுத்து ‘கே’. மூன்று பேருக்கும் குமார் என்று பேர் வைத்துவிட்டால், மூன்று வீட்டுக் கடுதாசியும் முந்திப் போன குமாரின் தலையில்தான். கந்தையா தன் மகனுக்குப் பேர் வைத்த நேரத்தில் கலிபோர்னியாவில் இப்படி ஒரு கொம்பனி வரும் என்று சாத்திரியாரும் சொல்லவில்லை.

இவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருடைய பக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன்னம் அக்கரையான படுவான்கரைச் சனம் ‘பாதை’ என்கிற மிதவையில் வாவியைக் கடந்துதான் இந்த எழுவான்கரைக்கு வந்தது. அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கடிதம் சொந்த வீட்டு வாசலுக்குப் போனது? எழுவான்கரைக் கடைக்காரர் ஒருவருடைய பேரை ‘மேற்பார்வை’ என்று போட்டு எழுதச் சொல்வார்கள். கடைக்காரர் சீனிச் சாக்குக்கு மேல் கடிதத்தைச் செருகி வைப்பார். சில நேரம் பிரித்து வாசித்தும் வைப்பார். சொந்தக்காரன் வரும்போது செய்தியை வாயாலேயே சொல்லிவிடலாம் அல்லவா. யுத்தக் காலத்தில் கொமினிகேஷன் கடைகள் வந்தன. ஊர் முழுவதும் அந்தக் கடை நம்பரைத்தான் வெளிநாட்டுக்குக் கொடுத்து வைத்திருந்தது. சவூதியிலிருந்து கோல் வந்தால் ஒரு பொடியன் சைக்கிளில் ஓடிவந்து படலையடியில் நின்று கத்துவான். நாலு பேர் வாசலில் கேட்டுக்கொண்டிருக்கத்தான் மனிசனும் மனிசியும் கதைத்தார்கள்.

கிட்டடியில் நடந்ததையும் பாருங்கள். 2022 ஜூலையில் எண்ணெய்க்குக் கியூஆர் முறை வந்தது. ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அறிவித்தார்கள். இரண்டு வாகனம் உள்ள வீட்டில் என்ன நடந்தது? வாழ்நாளில் பின் சீற்றைத் தவிர வேறெங்கும் இருந்திராத மாமியார் ஒரே இரவில் மோட்டார் சைக்கிள்காரி ஆனார். அரசாங்கம் அடையாளம் கேட்டது. குடும்பம் கைக்கெட்டினதை எடுத்துக் கொடுத்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த ஆளிடம் ஒரு சதுரக் கட்டம் ‘ஈமெயில்’ என்று கேட்டால் அவர் சும்மா விட்டுவிட்டு எழும்பிப் போவாரா?

போகட்டும், அவருடைய வாழ்க்கை என் பெட்டிக்குள் இறங்குகிற வேகம்தான் தாங்க முடியவில்லை. விடியச் சாமம் போன் மின்னும். மண்முனைப் பாலத்துக் கம்பியில் சாய்ந்து நின்று எடுத்த படத்துக்கு இன்னார் கருத்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் சிநேகிதருக்கு இன்று பிறந்தநாள், வாழ்த்துங்கள். இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதுதான், ஆனால் கொஞ்சக் காலத்தில் தெரிந்துவிடும். மச்சினன்காரன் எந்தப் படத்துக்கும் கை காட்டமாட்டான், ஏதோ காணிப் பிரச்சினை. தாழங்குடாப் பக்கத்து ஒருவர் எல்லாவற்றுக்கும் இதயம் போடுகிறார், அவர் சீட்டுப் பிடிக்கிறவராக இருக்க வேண்டும். ஒரு மனிதரை முகம் காணாமல் இவ்வளவு அறிவது ஊரில் கிராம சேவகருக்கே வாய்க்காத பாக்கியம்.

இதில் ஒரு சபலமும் உண்டு. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று நான் ஒரு தட்டுத் தட்டினால் புதுச் சாவி என் வீட்டுக்குத்தான் வரும். உள்ளே போய் நம்மாளின் பேரில் அவருடைய மச்சினனுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதிக் காணிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். அது செய்யத் தகாத வேலை. முறையான வழி, வந்த கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: இந்தக் கணக்கை நீங்கள் தொடங்கவில்லையென்றால் இங்கே தட்டுங்கள். தட்டினால் முகவரி அந்தக் கணக்கிலிருந்து கழன்று போகும். ஊரில் எத்தனை பேர் பொடி எழுத்து வாசிக்கிறார்கள் என்பது வேறு கதை.

இனி வருவதுதான் நம்மாளின் உச்சக் கட்டம். ஒரு நாள் போன் தண்ணீருக்குள் விழும், அல்லது பேரன் எதையோ அமத்திவிடுவான். பாஸ்வேர்ட் நினைவில்லை. பழைய சிம் எப்போதோ காலாவதி. கணக்கைத் திறக்க வேண்டிய எண் எனக்கு வருகிறது, அவருக்கு வரவில்லை. இதை அவர் எப்படி விளங்கிக்கொள்வார்? அடுத்த நாள் புதுக் கணக்கிலிருந்து 5,000 பேருக்கும் அறிவித்தல் போகிறது: “என்ட பழைய ஐடிய ஹேக் பண்ணிட்டானுகள். இது என்ட புது ஐடி. பழசில இருந்து ஆரும் காசு கேட்டா குடுக்க வேணாம்.” கீழே அனுதாபம் குவிகிறது. ஒருவர் இது சர்வதேசச் சதியாக இருக்கலாம் என்கிறார். ஆரையம்பதியில் மீன் வாடி வைத்திருக்கிற ஒரு மனிதருடைய பேஸ்புக்கைக் கைப்பற்றச் சர்வதேசத்துக்கு என்ன ஆதாயம் என்று யாரும் கேட்பதில்லை. புது ஐடியும் அதே கடையில், அதே பொடியன், அதே முகவரி. எனக்குப் புது எண் வருகிறது.

சட்டத்திடம் போகலாம் என்றால் சட்டமும் இவரிடம் தடுமாறும். 2007இல் கணினிக் குற்றங்கள் சட்டம் வந்தது. 2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்னொருவராக வேடம் போடுகிறவர்களைப் பிடிக்க அதில் வழி இருக்கிறது. நம்மாள் எந்த வேடமும் போடவில்லையே. பேர் அவருடையது, முகம் அவருடையது, ஊர் அவருடையது. கள்ள ஐடிக்காரன் நடிகையின் படத்தைப் போட்டுத் தன் சொந்த ஈமெயிலைக் கொடுக்கிறான். இவர் தன் சொந்த முகத்தைப் போட்டு என் ஈமெயிலைக் கொடுக்கிறார். இரண்டில் எது பொய்க் கணக்கு என்று ஒரு நீதவான் முன்னால் விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

இப்போது காலமும் கெட்டுப்போயிற்று. வட்ஸ்அப்பைக் களவெடுக்கிற கூட்டம் ஒன்று கிளம்பி, “தவறுதலா உங்கட போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்று இனிமையாகக் கேட்கிறது. சொன்னவர்களின் கணக்கு அந்த நிமிஷமே பறிபோகிறது. யாருக்கும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள் என்று வங்கி சொல்கிறது, வானொலி சொல்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்கிறது. இரவல் ஈமெயில்காரர் உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்வியும் சொல்லுக்குச் சொல் அதுதான். கள்ளனையும் இவரையும் பிரித்தறிய ஒரே வழி குரல். கள்ளன் கெஞ்சுவான். இவர் அதட்டுவார்.

அதட்டலை நேரில் கேட்கும் பேறு எனக்குக் கிடைத்தது. முகவரியில் இருக்கிற பேரை வைத்துப் போன் கடைப் பொடியன் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டான். இந்த ஊரில் அது கஷ்டமான வேலையில்லை. ஒரு பின்னேரம் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்காமலே கேட்டார்.

“அண்ணே, என்ட ஈமெயில் உங்களிட்டக் கிடக்காம்?”

“உங்கட ஈமெயில் இல்ல தம்பி. அது என்ட.”

“செரி, ஆரிட எண்டாலும் கிடக்கட்டும். அதுக்கு ஒரு நம்பர் வந்திருக்கு, அதச் சொல்லுங்க.”

போனைத் தேடி, கண்ணாடியைத் தேடி, எண்ணை வாசித்தேன். அவர் தட்டினார். திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“நேரம் முடிஞ்சிட்டாம். சுறுக்காச் சொல்லியிருக்கலாமே அண்ணே. மறுகா ஒண்டு வரும், பாருங்க.”

வந்தது. சொன்னேன். கணக்குத் திறந்தது. மோட்டார் சைக்கிளை உதைத்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

“நாளைக்குப் பின்னேரமும் வீட்டதானே நிப்பீங்க? மனிசிக்கும் டிக்டொக் ஒண்டு அடிக்கணும்.”