சில்லைக் கலானில் தாயில்பட்டி லாரி: குளிர்ந்த டீசல் எஞ்சினை எழுப்புதல் – ஓர் ஆய்வு

முன்னுரை

இதுவரை யாரும் தொடாத தலைப்பு இது என்றுதான் எல்லா ஆய்வேடும் தொடங்கும். யாரும் தொடாததற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்பதை மட்டும் எந்த நெறியாளரும் மாணவரிடம் சொல்வதில்லை. நம் தலைப்பின் காரணம் வெளிப்படை: பட்டாசு ஊரான தாயில்பட்டியில் குளிர் கிடையாது. மார்கழி விடியலில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருகிறவர்கள் உண்டு. அது குளிருக்காகக் கட்டியது அல்ல, மார்கழிக்காகக் கட்டியது (டீக்கடை பெஞ்சு, வடக்கு முனை). வெம்பக்கோட்டைப் பக்கம் எந்த டீசல் வண்டியும் பனியில் ஸ்டார்ட் எடுக்காமல் நின்றதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே குளிரைப் பற்றி இங்கே உட்கார்ந்து ஆராய்வது பெரிய வசதி. மறுத்துப் பேச உள்ளூரில் ஆள் இல்லை.

ஆய்வு எல்லை

ஒரே ஒரு சாலை. தாயில்பட்டியிலிருந்து சாத்தூருக்கு வந்து நாற்கரச் சாலையில் வடக்கே திரும்பினால் அது தேசிய நெடுஞ்சாலை 44. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் கட்டிப்போட்டிருக்கும் சாலை அது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனாலும் எண் மாறாது. லாரி ஊரான நாமக்கல் இதன்மேல் இருக்கிறது. லாரி செய்கிற ஓசூர் இதன்மேல் இருக்கிறது. பட்டாசுக்கு விதி சொல்லும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் உள்ள நாகபுரியும், 2019 நவம்பரில் லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் காய்ச்சி எடுத்த பானிபட்டும் இதன்மேல்தான். முதன்மைச் சான்றுகள் இவ்வளவு ஒழுங்காக ஒரே சாலையில் வரிசைகட்டி நிற்க, சாத்தூர் பைபாஸைக்கூடத் தாண்டாமல் எழுதி முடிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கல்வித் தகுதிக்குப் போதுமான சான்று.

இலக்கியப் பின்புலம்

இந்த இயல் இல்லாவிட்டால் கருத்தரங்கில் சான்றிதழ் தர மாட்டார்கள்.

பின்பனிக் காலத்தைத் தொல்காப்பியர் பாலைத் திணைக்குக் கொடுத்தார். பாலையின் ஒழுக்கம் பிரிவு. அதிலும் பொருள் தேடி வீட்டை விட்டுப் போகும் பிரிவு. மாசி மாதம் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற டிரைவரை இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? லாரி என்று அவர் எங்கும் குறிப்பிடவில்லையே என்று சிலர் கேட்பர். எல்லோருக்கும் தெரிந்த பொருளை விளக்கிக்கொண்டிருப்பது இலக்கணப் புலவர் வேலை அல்ல. அவர் சொல்லாமல் விட்டதே, அக்காலத்தில் லாரி மிகப் பரவலாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. இதே முறையில் விமானமும் அணுவும் கணினியும் நம் இலக்கியத்தில் ஏற்கெனவே கண்டெடுக்கப்பட்டுவிட்டன. லாரி மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

தொல்லியலும் நமக்குப் பகையில்லை. தாயில்பட்டிக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை மேட்டில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல் கிடைத்தது, சுடுமண் பொம்மை கிடைத்தது. டீசல் ஃபில்டர் இன்னும் கிடைக்கவில்லை. குழி போதிய ஆழம் போகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

குளிரின் இலக்கணம்

நமக்குக் கத்திரி வெயில் இருப்பதுபோல் காஷ்மீரிகளுக்குச் சில்லைக் கலான். டிசம்பர் 21இல் பிறந்து ஜனவரி 30 வரை நாற்பது நாள் ஆளும். அதற்குப் பின் இருபது நாளுக்கு ஒரு தம்பியும், பத்து நாளுக்கு ஒரு குழந்தையும் வாரிசாக வருவார்கள். 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி, முப்பது ஆண்டுகளில் அவ்வளவு குளிர்ந்த இரவு வந்ததில்லை என்றார்கள். அன்று நமக்குத் தைப்பொங்கல். சாலையின் ஒரு பாதியில் பானை பொங்கியது, மறுபாதியில் குழாய் உறைந்தது.

எஞ்சினின் குலமுறை

ருடால்ஃப் டீசலுக்கு மியூனிக்கில் பாடம் சொன்ன ஆசிரியர் கார்ல் ஃபான் லிண்டெ, குளிர்பதன இயந்திரத்தில் பெயர் பெற்றவர். படித்து முடித்த டீசல் பாரிசில் அவருடைய ஐஸ் தொழிற்சாலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். ஐஸ்காரரின் சீடர் செய்த எஞ்சின் ஐஸைக் கண்டால் மிரள்கிறது. குருவுக்கும் சீடருக்கும் இடையே என்ன நடந்தது என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரியது. உதவித்தொகை கிடைத்தால் நாமே செய்வோம்.

இந்த எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும்; அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். 1922இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து தீக்குச்சியால் பிழைக்கிற ஒரு வட்டாரம், குச்சியே வேண்டாத எஞ்சின் பூட்டிய லாரியில்தான் அந்தக் குச்சியை ஊர் ஊராக அனுப்புகிறது. இந்த நன்றிகெட்ட உறவை இதுவரை எந்தப் பொருளாதார அறிஞரும் கண்டிக்கவில்லை.

குளிரில் கணக்கு தவறுகிறது. உள்ளே போகிற காற்றே சில்லிட்டிருக்கும். நெருக்கிப் பெற்ற சூட்டை உறைந்த சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். கெட்டிப்பட்ட ஆயில் கிராங்கைச் சுற்ற விடாது. செல்ஃப் மெதுவாக முனகும், மெதுவாகச் சுற்றினால் காற்று சூடாகாது, சூடாகாவிட்டால் பற்றாது, பற்றவில்லையே என்று திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் அடுத்த இயலுக்குப் போக வேண்டியிருக்கும்.

பேட்டரி

படுத்துவிடும்.

ரேடியேட்டர்

ஊர் வழக்கப்படி வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனவர்கள் இரவே திறந்துவிட வேண்டும், அல்லது காலையில் பிளாக் வெடித்திருப்பதைப் பார்க்க வேண்டும். குளிர்தாங்கும் கூலன்ட் என்று ஒன்று உண்டு (பின்பலகைக் கல்வெட்டு, 'சவுண்ட் ஹாரன்' என்ற தொடருக்குக் கீழே, சேறு அப்பிய பகுதி).

டீசலின் மனநிலை

டீசலுக்குள் பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. தீக்குச்சியை மருந்தில் தோய்ப்பதற்கு முன் நம்மூரில் எந்த மெழுகில் தோய்க்கிறார்களோ, அதன் உறவுக்காரன். சூட்டில் இருப்பதே தெரியாது. குளிர்ந்தால் முதலில் டீசல் கலங்கும், பிறகு மெழுகு துகள்துகளாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். டேங்க் நிறைய டீசல் இருக்கும். எஞ்சின் பட்டினி கிடக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரியையும் குளிர்கால டீசலுக்கு 6 டிகிரியையும் தாண்டக் கூடாது. தெற்கே அடித்த டீசல் டேங்கில் மிச்சம் இருக்க, அதோடு காஷ்மீருக்குப் பனிஹால் மலை ஏறுகிற வண்டியின் கதி என்ன? இரவு மைனஸ் எட்டு. தர நிர்ணயம் ஒரு புத்தகம். மெழுகு புத்தகம் படிப்பதில்லை.

மண்ணெண்ணெய் கலக்கிற பழைய வைத்தியம் ஒன்று உண்டு. 'ஹேண்ட் பம்ப் அடித்துப் பார்' என்பது மற்றொன்று (சுங்கச்சாவடி ரசீது, பின்பக்கம், பென்சில் குறிப்பு, எண்ணெய்க் கறையால் இரண்டாம் சொல் சிதைந்துள்ளது, பதிப்பாசிரியர் 'பம்ப்' என்று கொள்வார், உரையாசிரியர் 'பம்பரம்' என்று கொண்டு மூன்று பக்கம் எழுதுவார்). புது வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11இல் உறையும். அது வேறு தலைவலி, வேறு கருத்தரங்கு.

தீ மூட்டல்

இனி நம் ஆய்வின் உயிர்நிலைக்கு வருகிறோம். உறைந்த வண்டிக்கு அடியில் தீ மூட்டுவது பழைய வழக்கம். 1941இல் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படையும் செய்தது. லடாக்கிலும் இமாச்சலத்திலும் லாரிக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். சுள்ளி மரபினர், ஸ்டவ் மரபினர், பழந்துணி மரபினர் என்று மூன்று பள்ளிகள் உண்டு. வெந்நீரை ஃபில்டர் மேலும் குழாய் மேலும் ஊற்றினால் போதும் என்கிற நாலாம் பள்ளி அறிவுக்குப் பொருந்துவதாலும் ஆபத்து குறைந்ததாலும் ஆய்வாளர்களால் புறக்கணிக்கப்படுகிறது.

தாயில்பட்டி டிரைவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை 'ஆய்வுப்பொருள் அ' என்போம். ஆய்வேடுகளில் மனிதர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அ வளர்ந்த ஊரில் பட்டாசுச் செட்டுக்குள் இரும்புச் சாமான் கூடாது, செல்போன் கூடாது, மின்சாரம் உடம்பில் தங்கக் கூடாது என்று வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். லோடு ஏற்றிய வண்டியின் புகைக்குழாய்க்குப் பொறி அடக்கும் மூடி. பீடி என்று வாயால் சொல்லவும் ஆள் யோசிக்கும். அப்பேர்ப்பட்ட அ, சரக்கை வடக்கே இறக்கிவிட்டு ஆப்பிள் லோடு பார்க்கக் காஷ்மீரின் காசிகுண்டில் தங்குகிறார். விடிந்ததும் வண்டி எந்திரிக்கவில்லை. டேங்குக்கு அடியில் தீ வை என்கிறார்கள். தீப்பெட்டி நாட்டிலிருந்து வந்தவரிடம் தீப்பெட்டி இல்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பெரன் அங்கிக்குள் கை விட்டு எதையோ எடுத்து நீட்டினார். அது என்ன என்பதில்தான் அறிஞர் உலகம் பிளந்தது.

தீப்பெட்டிதான் என்றது ஒரு கட்சி. உடனே அது உள்ளுக்குள் மூன்றாக உடைந்தது: மேலட்டையில் அச்சிட்டிருந்த ஊர் சிவகாசி என்பாரும், சாத்தூர் என்பாரும், கோவில்பட்டி என்பாரும். கோவில்பட்டிக் கட்சியினர் அட்டையைப் பார்த்ததில்லை. மற்ற இருவரும் பார்த்ததில்லை. அதனால் விவாதம் நீண்டகாலம் நாகரிகமாக நடந்தது.

அது லைட்டர் என்றது எதிர்க்கட்சி. தீப்பெட்டிக் கட்சி இதற்குக் காலக்கணிப்பு முறையில் பதில் சொன்னது. தமிழ்நாட்டுத் தீப்பெட்டித் தொழிலின் முறையீட்டுக்குப் பின் 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடைசெய்தது. எனவே அந்த லைட்டர் ஒன்று 2023க்கு முற்பட்டது, அல்லது இருபது ரூபாய்க்கு மேற்பட்டது. இருபதுக்கு மேல் கொடுத்து லைட்டர் வாங்கியவர் அதை முன்பின் தெரியாத டிரைவரிடம் நீட்டுவாரா? நீட்டார். எனவே அது 2023க்கு முற்பட்ட அடுக்கைச் சேர்ந்தது. பானை ஓட்டைக்கூட இவ்வளவு துல்லியமாக யாரும் தேதி குறித்ததில்லை.

இயற்பியலார் குறுக்கே புகுந்தனர். லைட்டருக்குள் இருக்கும் பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில்தான் ஆவியாகும். மைனஸ் எட்டில் அது திரவமாகவே கிடக்கும். சக்கரத்தைத் தேய்த்தால் பொறி வரும், தீ வராது. ஆகவே லைட்டர்க் கொள்கை வீழ்ந்தது, தீப்பெட்டி வென்றது, சாத்தூரில் இனிப்பு வழங்கப்பட்டது (கிளீனர் மரபு, வாய்மொழி; டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகரப் பெட்டியில், கம்பளிக்கு அடியில், பழைய பெர்மிட்டுகளுக்கு இடையே மடித்து வைத்த காலண்டர்த் தாள், ஆடி மாதம், பின்பக்கம்; இனிப்பு மிச்சர் என்று ஒரு பாடபேதம்; காராச்சேவு என்பது சாத்தூர்க்காரர்களின் இடைச்செருகல்).

லைட்டர்க் கட்சி விடவில்லை. பெரனுக்குள் அந்தப் பெரியவர் காங்க்ரி வைத்திருந்தார். பிரம்பு கட்டிய மண்சட்டியில் கங்கு. அந்தச் சூட்டில் லைட்டர் வெதுவெதுப்பாக இருந்திருக்கும், பியூட்டேன் ஆவியாகியிருக்கும், பற்றியிருக்கும் என்று மறுசீராய்வு மனு போட்டது. சூடு எத்தனை டிகிரி, சட்டைப்பை காங்க்ரியிலிருந்து எத்தனை விரற்கடை என்று இரண்டு சிறப்பிதழ்கள் வந்தன. பதிவுக் கட்டணத்தில் மதிய உணவு அடக்கம்.

இதற்கிடையே பெரியவர் காங்க்ரியையே ஒரு தகரத் தட்டில் கவிழ்த்து, கங்கை எஞ்சினின் ஆயில் சம்புக்கு அடியில் தள்ளிவிட்டு, டீ குடிக்கப் போனார். தீக்குச்சியும் லைட்டரும் தேவைப்படவில்லை. இந்தத் தகவல் சிறப்பிதழ்களில் இடம்பெறவில்லை. ஆய்வுப் பொருளுக்குப் புறம்பானது என்று மதிப்பீட்டாளர் அடித்துவிட்டார்.

அணையாமைக் கோட்பாடு

குளிர்ந்த எஞ்சினை எழுப்பும் வழிகளில் சிறந்தது, அதைத் தூங்க விடாமல் இருப்பது. மலைச்சாலை டிரைவர்கள் இரவெல்லாம் வண்டியை ஓடவிட்டே தூங்குவார்கள். கனரக வண்டி நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். எனவே இக்கோட்பாட்டுக்கு ஒரே எதிர்ப்பு, பில் கொடுக்கிறவர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் தாயில்பட்டியில், விசிறிக்கு அடியில் படுத்தபடி போன் போடுவார்கள்.

"என்னப்பா, வண்டிச் சத்தம் கேக்குது? ராத்திரி பதினொண்ணுக்கு எங்க ஓட்டிக்கிட்டிருக்க?"

"ஓட்டல அண்ணாச்சி, நிப்பாட்டித்தான் வச்சிருக்கேன்."

"நிப்பாட்டுன வண்டி எதுக்குச் சத்தம் போடுது?"

"அணைச்சா காலையில எந்திரிக்காது அண்ணாச்சி. இங்க பனி."

"இங்கயுந்தான் பனி. மப்ளர் கட்டித்தான் படுத்திருக்கேன். போன மாசந்தான் புது பேட்டரி மாத்திக் குடுத்தேன்."

"பேட்டரி இல்ல அண்ணாச்சி, டீசலே ஒறஞ்சு போகுது."

நெடுநேரம் பதில் இல்லை. பின்புலத்தில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் வீதம்.

"சரி, நீயும் சொல்ற. பாதி ராத்திரி வரைக்கும் ஓடட்டும். மீதிக்கு அணைச்சு வையி."

அரை இரவுக் கருதுகோள் என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறோம். எந்தப் பாதி என்பது மேலாய்வுக்கு உரியது.