கொஞ்சம் வெள்ளையாக்குங்கோ

மாமா முதலில் பாராட்டுவார். அங்கேதான் எனக்கு வயிறு கலங்கத் தொடங்கும்.

"தம்பி, திறம்! ஐயா உயிரோட வந்து நிக்கிற மாதிரியே கிடக்கு. குறை நினையாதேங்கோ, முகத்தை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்குங்கோ."

ஜெர்மனியில் டோர்ட்முண்டிலோ வூப்பர்டாலிலோ படம் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன் எவனும் இந்தக் குரல் பதிவுக்குத் தப்பியதில்லை. ஐயா, அதாவது மாமாவின் தகப்பன், 1998இல் ஊரில் காலமானவர். மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். அவரை ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் வாசலில், 17 மீற்றர் கோபுரம் பின்னால் தெரிய, மாமா, மாமி, பேரப்பிள்ளைகளோடு நிறுத்த வேண்டுமாம். அந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததே 2002இல்தான். மாமாவுக்கு அது இடிக்காது. பிள்ளைகளின் நிழல் வலப்பக்கம் விழ, ஐயாவுக்கு நிழலே இல்லாவிட்டாலும் இடிக்காது. "நிழலை ஆர் பாக்கிறது?" நிறம் மட்டும்தான் இடிக்கும்.

முகத்தை வெளுத்தால் கழுத்து காட்டிக்கொடுக்கும். கழுத்து வேறொருவருடையது, பட்டு வேட்டி சால்வையோடு அது கடன் வாங்கிய உடம்பு. கழுத்தைச் சரிசெய்தால் கை. கையைச் சரிசெய்தால் பக்கத்தில் நிற்கும் மாமி, "அப்ப நான் மட்டும் என்ன கரிச்சட்டியோ?" என்பார். மாமியை வெளுத்தால் பிள்ளைகள். பிள்ளைகளையும் வெளுத்து முடித்தால், கோபுரம் மங்கிப்போச்சு என்று லண்டன் தங்கச்சி சொல்லுவா. கனடா அண்ணர் ஒருவர்தான் உண்மை பேசுவார்: "ஏன் எல்லாருக்கும் காய்ச்சலோ?" இத்தனை தீர்ப்பும் இரவில் மஞ்சளடிக்கும் கைபேசித் திரையைப் பார்த்துச் சொல்லப்படுவது.

1920இல் பேர்லின் டாடா கலைக் கண்காட்சியில் ஹன்னா ஹோஹ் வைத்த ஒட்டுப்படத்தில், படைத்தளபதி ஹின்டன்பேர்க்கின் தலை ஒரு நடனக்காரியின் உடம்பில் இருக்கும். கழுத்து பொருந்தாததுதான் அங்கே விசயமே. ஹின்டன்பேர்க் வீட்டாருக்குக் காட்டிச் சம்மதம் வாங்கும் வேலை ஹன்னாவுக்கு இருக்கவில்லை. கொடுத்துவைத்த மனிசி.

இதே மாமா கடவுச்சீட்டுக்குப் போனால் வாய் திறக்கமாட்டார். இரண்டு முகத்தைக் கலந்து ஒரு முகமாக்கும் கள்ளத்தைத் தடுக்கத்தான் ஜெர்மனி 2025 மே மாதம் கடதாசிப் படத்தைக் கைவிட்டு, டிஜிட்டல் படத்துக்கு மாறியது. நகரசபை இயந்திரத்துக்கு முன்னால் சிரிக்காமல் இருந்து, அது எடுத்த நிறத்தை அப்படியே ஏற்று, "டாங்கெ" சொல்லிவிட்டு வருவார். எங்களுக்குத்தான் இந்தத் திருத்தமெல்லாம்.

நல்ல மனிதர்தான். காசில் பேரம் பேசமாட்டார். படம் வாங்க வரும்போது மாமி சுட்ட சோமாசும் ஒரு பெட்டி வரும்.

ஆனால் மாமா, நேராகவே கேட்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஐயாவின் நிறத்தை நான் எங்கே தேடுவது? உங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் பூசினேன். வெயிலுக்குள் நின்று புகையிலைத் தோட்டம் கொத்தியவர் என்று பெருமையாகச் சொன்னதும் நீங்கள்தான். இங்கே பிறந்த பிள்ளைகள் அவரைக் கண்டதில்லை. சுவரில் தொங்குபவரைத்தான் அப்பப்பா என்று நம்பப்போகிறார்கள். எந்த ஊர், ஏன் இந்த நிறம் என்று வெளியில் கேட்கிறவர்கள் போதாதா? வீட்டிலும் அவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை அப்பப்பாவை ஏன் மாட்டுகிறீர்கள்?

இதை அப்படியே எழுதி அனுப்பியும் பார்த்தாயிற்று. இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் குரல் பதிவு வந்தது.

"தம்பி சொல்லுறது சரிதான். ஐயா அப்பிடியே இருக்கட்டும். ஆனா அவருக்குப் பக்கத்தில நான் நிக்கிறனெல்லே, என்னை மட்டும் கொஞ்சம்..."